கவுன்சிலர் வீட்டுக்காரர்

வாங்க சார், வாங்க. வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க. என்னது, நீங்க டிரைவரா? அப்ப எஞ்சினியர்... ஐயையோ, மன்னிச்சுக்கிடுங்க மேடம். தப்பா நினைக்காதீங்க. அவருதான் வண்டியை விட்டு முதல்ல இறங்கினாரு, கையில மேப்பையும் சுருட்டி வச்சிருந்தாரு, நான் அவருதான் ஆபீசர்னு நினைச்சுட்டேன். உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. டீ போடுதேன். நானேதான் போடுவேன். இப்பல்லாம் இந்த வீட்டுல எல்லாம் நான்தான்.

கவுன்சிலரா? அதான் நான் இருக்கேன்லா, சொல்லுங்க. நம்ம வார்டு விஷயம் எதுன்னாலும் எங்கிட்ட கேட்டாப் போதும். உலகம்மாள் கவுன்சிலர், நான் கவுன்சிலர் வீட்டுக்காரர். பேருக்குத்தான் அப்படி. டீக்கடையில இருந்து கல்யாண வீடு வரைக்கும் ஊர்ல எல்லாரும் என்னைத்தான் 'கவுன்சிலரே'ன்னு கூப்பிடுவாங்க. பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்க, என்ன செய்ய? நான் வருசக்கணக்கா அலைஞ்சு பழுக்க வச்ச வார்டு. சும்மா விட்டுர முடியுமா? அவளை நிக்க வச்சேன். ஜெயிச்சோம்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். மழைநீர் வடிகால் ரெண்டாம் கட்டத்துக்கு மானியம் கொடுக்கலாமா வேண்டாமான்னு பாக்க வந்திருக்கீங்க. உங்களை நான் எப்படி எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன் தெரியுமா? நான் அலைஞ்ச அலைச்சலுக்குத்தான் நீங்க இன்னைக்கு வந்திருக்கீங்க. அந்த வடிகால் ஓடையில போய்ச் சேந்தாத்தான் மேடம் எம் பொண்டாட்டி வீட்டுக்கு வருவா. சிரிக்காதீங்க. சத்தியமாத்தான் சொல்லுதேன். அவ இங்க இல்ல. போன தீவாளிக்குப் போனவ, இந்தா அடுத்த தீவாளி வரப் போகுது, இன்னும் வரல்ல.

சண்டையெல்லாம் ஒண்ணும் கிடையாது. எங்க போயிட்டா, தெக்க ஓடைக்கரைத் தெருவுக்குத்தான், அவ பொறந்த வீட்டுக்கு. நடந்தா ஒரு டீ ஆறுற நேரம். அவ தம்பி பொண்டாட்டி ஒத்தையில கெடக்கான்னு தொணைக்கு இருக்கா. அவ்வளவுதான். நானும் அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லுதேன்.

முதல்ல இருந்து சொல்லுதேன், அப்பத்தான் உங்களுக்கு விளங்கும். மூணு வருசத்துக்கு முன்னால மாவட்டத்துல, எந்தெந்த ஊர்ல மழைத் தண்ணி தேங்குதுன்னு கணக்கெடுத்தாங்க. கண்ணாடி வச்சு லெவல் பாத்தாங்க, மேப் போட்டாங்க. நம்ம ஊரு வடக்க மேடு, தெக்கப் பள்ளம். வடக்கு மேட்டுல பிள்ளையார் கோயில், இந்த எங்க தெரு, பெறகு பஜாரு, கடைசியா ஓடைக்கரைத் தெரு, அதுக்கு அந்தப் பக்கம் ஓடை. கோயில்ல இருந்து ஓடை வரைக்கும் ஒரே வடிகாலா கட்டணும்னு திட்டம் போட்டு அனுப்பினாங்க. நல்ல திட்டம். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா மானியம் வரும்போது பாதிதான் வந்துச்சு. மாவட்டத்துல இருபது ஊரு கையை நீட்டுச்சாம், எல்லாருக்கும் பாதிப் பாதி. மீதியை அடுத்த கட்டத்துல தாரோம்னாங்க. மார்ச்சுக்குள்ள வேலையை ஆரம்பிக்கலேன்னா வந்த பாதியும் திரும்பிப் போயிரும்னு வேற கழுத்துல கத்தியை வச்சாங்க. அப்ப தப்பு யார் மேல? நீங்களே சொல்லுங்க. இல்ல, உங்க ஆபீசைச் சொல்லல்ல. பொதுவாச் சொல்லுதேன்.

நகராட்சியில ஏ.இ.யா இருக்குற எஞ்சினியர் ஒரு சின்னப் பையன், பேரு தாமரைக்கண்ணன். 'எந்தப் பாதியை முதல்ல கட்ட?'ன்னு வந்து கேட்டான். இது ஒரு கேள்வியா மேடம்? எந்த வேலையா இருந்தாலும் பூமிபூஜை ஈசானி மூலையிலதான் போடுவாங்க. ஈசானி மூலையில கோயில் இருக்கு, பந்தல் போட இடம் இருக்கு, பெரிய மனுசங்க வண்டி வந்து திரும்ப வசதி இருக்கு. ஓடைக்கரையில போய் பூஜை போட்டா, சேறுக்குள்ள எவன் காரை விட்டு இறங்குவான்? வடக்க இருந்தே ஆரம்பின்னுட்டேன். பூஜை போட்ட இடத்துலதானே முதல் குழி தோண்டணும்? முதல் குழி தோண்டின இடத்துல இருந்துதானே வேலை நகரும்? இதுல என்ன குத்தம் இருக்கு?

உலகு மட்டும் வேண்டாம்னா. அவளை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், உலகுன்னு. அடுப்படியில நின்னுக்கிட்டு, 'ஏங்க, நம்ம வீட்டுல குளிக்கிற ரூம் கட்டினப்ப முதல்ல என்ன கேட்டீங்க? தண்ணிக்குப் போக்கு எங்கன்னுதானே கேட்டீங்க? போக்கு இல்லாம மேல இருந்து கட்டிக்கிட்டே வந்தா, ஊர்த் தண்ணி பூராவும் எங்க ஓடைக்கரைத் தெரு வாசல்ல வந்துல்லா கொட்டும்'னா. நான் கேக்கல்ல. 'வீட்டு ரூமும் அரசாங்க வேலையும் ஒண்ணா? அடுத்த மானியம் வந்ததும் ஓடையில சேத்துரப் போறோம். ஒரு மழைக்காலம் பொறுத்துக்கிட மாட்டாங்களா உன் பொறந்த வீட்டு ஆளுங்க?'ன்னேன். அவ தோசையைத் திருப்பிப் போட்டா. சரி, ஒத்துக்கிட்டான்னு நினைச்சேன்.

டீ சூடா இருக்கா? சீனி போதுமா? அவ போட்டா இஞ்சி தட்டிப் போடுவா. எனக்கு அந்தப் பக்குவம் வரல்ல.

கவுன்சில் கூட்டம் நடக்கும்போது நீங்க பாத்திருக்கீங்களா? எங்களை மாதிரி வீட்டுக்காரங்களுக்கு உள்ள இடம் கிடையாது. வெளிய ஜன்னலை ஒட்டி ஒரு பெஞ்சு கெடக்கு. அதுல நாங்க வரிசையா உக்காந்திருப்போம். எதுக்குக் கையைத் தூக்கணும், எதுக்குத் தூக்கக் கூடாதுன்னு ஜன்னல் வழியாச் சைகை காட்டுவோம். எல்லா ஊர்லயும் நடக்குறதுதான். வடிகால் தீர்மானம் வந்தப்ப உலகு எந்திரிச்சா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அதுவரைக்கும் அவ ஒரு கூட்டத்துலயும் எந்திரிச்சதே இல்ல. 'தலைவர் அவர்களே, வடிகாலை ஓடையில இருந்து ஆரம்பிச்சு மேல கொண்டு வரணும். மேல இருந்து ஆரம்பிச்சா'ன்னு அவ சொல்லி வாயை மூடல்ல, நான் ஜன்னல் கம்பியில டொக்குனு தட்டினேன். திரும்பிப் பாத்தா. உக்காருன்னு கையை அமுக்கிக் காட்டினேன். உக்காந்துட்டா.

உள்ள ஒரே சிரிப்பு. சேர்மன், 'என்ன சங்கரலிங்கம், வீட்டுலயே பேசி முடிச்சுக் கூட்டிட்டு வரக் கூடாதா?'ன்னாரு. நானும் சிரிச்சேன். 'புதுசுல்லா தலைவரே, போகப் போகப் படிச்சுக்கிடுவா. எங்க வார்டு சம்மதம்னு எழுதிக்கிடுங்க'ன்னேன். எழுதிக்கிட்டாங்க. அன்னைக்கு வீட்டுக்கு வார வழியில அவளுக்கு அல்வா வாங்கிக் கொடுத்தேன் மேடம். நான் ஒண்ணும் கொடுமைக்காரன் கிடையாது.

பூஜை ஜாம்ஜாம்னு நடந்துச்சு. வேலையும் சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலை. வாட்டம் பிடிச்சு, மூடி போட்டு, நீங்க வேணும்னா இப்பவே போய்ப் பாருங்க, ஒரு கீறல் இருக்காது. எங்க தெரு முடிஞ்சு, பஜார் முடிஞ்சு, ஓடைக்கரைத் தெரு முனைக்கு வரவும் பணம் தீந்து போச்சு. கான்ட்ராக்டர் சாமானை அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயிட்டான். வடிகால் அந்த முனையில வாயைப் பிளந்துக்கிட்டு நின்னுச்சு. ரெண்டாம் கட்டம் இந்தா வருது, அந்தா வருதுன்னாங்க. ஐப்பசிதான் வந்துச்சு.

எங்க மச்சினன் குத்தாலிங்கத்தைப் பத்திச் சொல்லணும். உலகுவோட தம்பி. ஓடைக்கரைத் தெருவுல சேவு போடுறவன். காரச்சேவு, மிக்சர், சீரணி, தீவாளின்னா ஊரே அவங்கிட்டத்தான் சொல்லி வைக்கும். வருசம் பூராவும் ஓடுற ஓட்டம் ஒரு பக்கம், தீவாளிக்கு முந்தின வாரம் ஒரு பக்கம். கடன் உடன் வாங்கி மாவு மூட்டையும் எண்ணெய் டின்னும் இறக்கி வச்சிருப்பான். உலகு வருசா வருசம் அந்த வாரம் அங்க போய் பொட்டலம் கட்டிக் கொடுப்பா. கவுன்சிலர் ஆன பெறகும் போனா. 'உனக்கு இது தேவையா, நம்ம மரியாதை என்ன ஆகும்'னு கேட்டேன். 'சேவு கட்டுனா மரியாதை போயிருமா'ன்னுட்டுப் போயிட்டா.

தீவாளிக்கு ரெண்டு நாளைக்கு முன்னால காலையில பிடிச்சுச்சு பாருங்க மழை. அப்படி ஒரு மழை. வழக்கமா அந்த மழைக்குப் பஜார்ல முழங்கால் தண்ணி நிக்கும், கடைக்காரங்க சாமானைத் தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. அன்னைக்கு ஒரு சொட்டு நிக்கல்ல மேடம்! சளசளன்னு வடிகாலுக்குள்ள இறங்கி ஓடுது. யாவாரிங்களுக்குச் சந்தோசம்னா சந்தோசம். தீவாளி யாவாரம்லா. அங்கனயே ஜவுளிக்கடை வாசல்ல என்னை நிக்க வச்சு, சங்கத் தலைவர் பொன்னாடை போத்தினாரு. நான் காஞ்ச ரோட்டுல பொன்னாடையோட நின்னு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டேன். 'எங்கள் வார்டில் ஒரு சொட்டு நீர் தேங்கவில்லை'ன்னு எழுதிப் போட்டேன். அந்தப் போட்டோவை அழிச்சிரலாம்னு பெறகு பாத்தேன். அதுக்குள்ள ஊர் பூரா பரவிட்டு.

அந்த நேரத்துலதான் போன் அடிக்கி. உலகு. ரெண்டு தடவை எடுக்கல்ல. மூணாவது தடவை எடுத்தேன். பின்னால ஒரே கூச்சல். 'ஏங்க, தண்ணி வடிகால் வழியா வந்து தெருவுக்குள்ள குதிக்கி. வீட்டுக்குள்ள வந்துருச்சு. அடுப்பு முங்கிட்டு. ஏ.இ.கிட்டச் சொல்லி மண் மூட்டையைப் போட்டு வடிகால் வாயை அடைக்கச் சொல்லுங்க, சீக்கிரம்'னா.

எப்படி மேடம் அடைக்க? அடைச்சா பஜார்ல தண்ணி ஏறும். இப்பத்தான் பொன்னாடை போத்தியிருக்காங்க. எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்காங்க. 'அதெல்லாம் உடனே முடியாது, மழை விட்டா வடிஞ்சிரும், வை போனை'ன்னு சத்தம் போட்டுட்டேன். நாலு பேரு முன்னால பொண்டாட்டியை அப்படி அதட்டியிருக்கக் கூடாது. அதுதான் அவ மனசுல தைச்சுருச்சு. அந்த ஒரு சொல்லுதான். நான் கொஞ்சம் தணிவாப் பேசியிருந்தா அவ போயிருக்க மாட்டா. நினைச்சு நினைச்சுப் பாத்துட்டேன், வேற காரணமே இல்ல.

முன்னாடி அந்தந்தத் தெருத் தண்ணி அந்தந்தத் தெருவுல நின்னு நிதானமா வத்தும். இப்ப ஊர்த் தண்ணி முழுக்க ஒரே மூச்சுல அங்க போய் விழுந்திருக்கு. சாயங்காலம் மழை விட்ட பெறகு போனேன். மாவு மூட்டையெல்லாம் கூழாக் கெடக்கு. எண்ணெய் தண்ணி மேல மெதந்து தெருவே மினுங்குது. அவ கட்டி வச்ச பொட்டலம் அத்தனையும் சாக்கடை ஓரத்துல ஒதுங்கிக் கெடக்கு. குத்தாலிங்கம் என்னைப் பாத்து ஒரு வார்த்தை திட்டல்ல. 'வாங்க அத்தான், கால் வழுக்கும், பாத்து வாங்க'ன்னான். அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு அங்க நிக்கவே முடியல்ல. உலகு தண்ணியை அள்ளி அள்ளி வெளிய ஊத்திக்கிட்டு இருந்தா. 'வா போகலாம், சேலையெல்லாம் நனைஞ்சிருக்கு'ன்னேன். 'நீங்க போங்க'ன்னா. போயிட்டேன்.

ஊர் பூராவும் சொல்லி வச்ச சேவுக்கு வாங்கின முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கணும்லா. குத்தாலிங்கம் தீவாளி கழிஞ்ச மறுநாள் திருப்பூருக்குப் பஸ் ஏறிட்டான். இந்த வயசுல பனியன் கம்பெனியில மூட்டை தூக்குதான். கடன் அடைஞ்சதும் வருவானாம். நான் அவனுக்குப் பணம் அனுப்பினேன் மேடம், ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் அப்படியே திருப்பி அனுப்பிட்டான். இங்க அவன் பொண்டாட்டி பீடி சுத்துதா. உலகு கூட இருக்கா. தெனமும் கவுன்சிலர் வேலையை அந்த வீட்டு வாசல்ல உக்காந்தே பாக்கா. தண்ணி வரி, பெறப்புச் சான்று, தெருவிளக்கு, எல்லாத்துக்கும் சனம் அங்கதான் போகுது. இங்க எவனும் வாரதில்ல. டீக்கடையில 'கவுன்சிலரே'ன்னு கூப்பிட்டவன் இப்ப 'அண்ணாச்சி'ங்கான்.

சரி, அதை விடுங்க. இந்த வருசம் சித்திரையில கலெக்டர் ஆபீஸ்ல ரெண்டாம் கட்டத்துக்குக் கூட்டம் போட்டாங்கல்லா. முதல் கட்டம் எப்படி வேலை செய்யுதுன்னு ஒவ்வொரு ஊரா எந்திரிச்சுச் சொல்லணும். நான் முன்கூட்டியே சேர்மன்கிட்டயும் தாமரைக்கண்ணன்கிட்டயும் சொல்லி வச்சேன். 'குறை சொன்னா கட்டத் தெரியாதவனுங்கன்னு அடுத்த மானியத்தைத் தர மாட்டாங்க, ஆகா ஓகோன்னு சொல்லிருங்க'ன்னு. ரெண்டு பேரும் சொன்னபடியே சொன்னாங்க. நான் வெளிய வராந்தாவுல நிக்கேன். அங்க ஜன்னல் எல்லாம் ஏசிக்காக அடைச்சிருக்கு. ஸ்பீக்கர்ல குரல் மட்டும் கேக்கும்.

உலகு குரல் கேட்டுச்சு. 'ஐயா, முதல் கட்டம் கட்டினதாலதான் எங்க தெரு முங்குச்சு. கீழ இருந்து கட்டிக்கிட்டு வரணும்னு எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் நகராட்சிக் கூட்டத்துல எந்திரிச்சேன். சொல்லி முடிக்காம உக்காந்துட்டேன். அது என் தப்பு. தெரிஞ்சும் உக்காந்த தப்புக்கு என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க, அந்தத் தெருச் சனத்தை விட்டுராதீங்க'ன்னா.

அடுத்து என் பேரு வரும், வீட்டுக்காரர்தான் உக்காரச் சொன்னாருன்னு சொல்லுவான்னு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். வரல்ல. நன்றி வணக்கம்னு சொல்லி முடிச்சுட்டா. அவ திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும் மேடம். கலெக்டர் முன்னால என்னை நாறடிச்சிருந்தாக்கூட வீட்டுக்கு வந்து பதிலுக்கு ரெண்டு திட்டு திட்டிட்டுத் தூங்கியிருப்பேன். முழுத் தப்பையும் அவளே எடுத்துக்கிட்டா. எனக்குன்னு ஒரு துளிகூட விட்டு வைக்கல்ல. அன்னையில இருந்து சோறு இறங்க மாட்டேங்குது. உக்காருன்னு கையைக் காட்டினது நான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரிஞ்சு போச்சு.

கூட்டம் முடிஞ்சு வெளிய வந்து என்னைப் பாத்தா. 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டா. ஒரே பஸ்லதான் வந்தோம். ஓடைக்கரை ஸ்டாப்புல இறங்கிப் போயிட்டா.

எனக்கு ஒரே பயம். இவ இப்படிப் போட்டு உடைச்சிட்டாளே, இனி மானியம் எங்க வரும்னு. அதைச் சரிக்கட்ட நான் யார் யாரைப் பாத்தேன் தெரியுமா? சென்னை வரைக்கும் போயிட்டு வந்தேன். அந்தம்மா விவரம் தெரியாம பேசிட்டா, முதல் கட்டம் பிரமாதமா வேலை செய்யுதுன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. அந்தப் பலன்தான் இன்னைக்கு நீங்க...

என்ன மேடம்?

என்ன சொல்லுதீங்க? அவ பேசினதாலயா?

நிஜமாவா? இருபது ஊர்ல இவ ஒருத்திதான் தண்ணி எங்க போய் விழுதுன்னு சொன்னாளாக்கும்? மத்தவங்க எல்லாம் ஆகா ஓகோன்னதால, அங்க இனிப் பணம் தேவையில்லன்னு எழுதிட்டாங்களா? அப்ப நான் சென்னைக்குப் போய் பிரமாதம்னு சொன்னது... அதுவும் வந்துச்சா உங்க ஆபீசுக்கு? ரெண்டு பேச்சுல எது நிஜம்னு தெரியாமத்தான் சித்திரை முடிஞ்சதும் வர வேண்டிய நீங்க இப்ப வாரீங்களா? இந்த மழைக்கு முன்னால வேலையே ஆரம்பிச்சிருக்கலாமா?

இருங்க. கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல மேடம். நீங்க அந்த டீயைக் குடிங்க. ஆறிப் போச்சா, வேற போடட்டுமா? வேண்டாமா.

அப்ப இந்த ஐப்பசிக்கும் அந்தத் தெரு முங்கும். அவ அங்கதான் இருப்பா. போன தடவை அள்ளி ஊத்தினது போதாதுன்னு இந்தத் தடவையும் அள்ளி ஊத்துவா. நான் என்ன மேடம் செஞ்சு வச்சிருக்கேன்?

நான் நல்லது பண்ணத்தான்... இல்ல. அதைச் சொல்லல்ல. விட்டுருங்க.

சரி, எந்திரிங்க. நான் சொன்னது எதையாச்சும் எழுதியிருந்தா அடிச்சிருங்க. வாங்க, நானே வழி காட்டுதேன். கார் உள்ள போகாது, முனையில நிறுத்திட்டு நடக்கணும். அந்தத் தீவாளிக்குப் பெறகு நான் அந்தத் தெருவுக்குள்ள போனதில்ல. வடிகால் வாயை அடைக்கிறதுக்கு மண் மூட்டை வேணும்னாலும் இன்னைக்கே சொல்லி இறக்கிருதேன், பஜார்க்காரன் என்ன வேணும்னாலும் சொல்லிட்டுப் போறான். ஆனா அதையும் அவகிட்டக் கேட்டுட்டுத்தான்.

அங்க போனதும் ஒரே ஒரு உதவி செய்யணும் மேடம். அவ பேசிக்கிட்டு இருக்கும்போது நான் நடுவுல வாயைத் திறந்தா, 'நீங்க சும்மா இருங்க'ன்னு என்னை ஒரு சத்தம் போட்டுருங்க. அந்தத் தெருவுல எல்லாரும் கேக்குற மாதிரி போடுங்க.